பனியில் நடந்தோம், கடலோரத்தில் நடக்க முடியவில்லை

சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பனி இரண்டுதான். ஒன்று, மார்கழி விடியற்காலையில் ராயபுரம் பாலத்தின் மேல் லேசாக மூடிக்கொண்டு நிற்குமே, அது. (அதிலும் பாதி புகை என்பது வேறு விஷயம்.) இன்னொன்று, காசிமேட்டுக்கு லாரியில் வந்து இறங்கும் ஐஸ் பார். மெஷினில் போட்டு உடைத்து மீன் மேல் கொட்டுவார்கள். மூன்றாவதாக சினிமாப் பாட்டில் ஒரு பனி வரும். ஹீரோ கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் போட்டிருப்பார். ஹீரோயின் பாவம், மெல்லிசுப் புடவையில் நடுங்கிக்கொண்டே ஆடுவார். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அப்படிப்பட்ட நான், போன குளிர்காலத்தில் உத்தராகண்டில் இருக்கும் ஔலிக்குப் போய், காலில் நீளப் பட்டையைக் கட்டிக்கொண்டு பனியில் நடந்துவிட்டு வந்தேன். கூட வந்தவன் என் பள்ளிக்கூட நண்பன், எண்ணூர் மீனவக் குப்பத்துக்காரன். வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். பயணக் கதை கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.காம். படிப்பவன் இல்லையா, செலவில்தான் ஆரம்பிப்பேன். இரண்டு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு என்னுடையது. லீவு நாட்களில் அப்பாவோடு கடலுக்குப் போய் வாங்கிய பங்கு அவனுடையது. சென்ட்ரலில் ஏறி டெல்லி, அங்கிருந்து ரிஷிகேஷ், ரிஷிகேஷிலிருந்து ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் பஸ், கடைசியில் ஜோஷிமட். (2024ல் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பஸ் கண்டக்டர் ஜோஷிமட் என்றுதான் கூவினார்.) அங்கிருந்து ஔலிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோப்கார் இருந்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி, வீட்டுக்கு வீடு விரிசல் விட்டபோது அதை நிறுத்தினார்கள். நாங்கள் போனபோதும் ஓடவில்லை. ஜீப்பில்தான் ஏறினோம்.

பனியைப் பார்த்ததும் நண்பன் செய்த முதல் காரியம், குனிந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டதுதான். "டேய், இது ஐஸ் மாதிரியே இல்லடா. அத்திப்பட்டு உப்பு மாதிரி கீது. ஆனா உப்பு இல்ல" என்றான். அவன் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கொடுக்கலாம் :-)

அங்கே வருகிற எல்லோரும் செய்வது சரிவில் சறுக்குவது. மேலே ஏற வேண்டும், சறுக்கிக் கீழே வர வேண்டும், மறுபடி ஏற வேண்டும். பூட்ஸுக்கு வாடகை, பட்டைக்கு வாடகை, ஜாக்கெட்டுக்கு வாடகை, படம் எடுப்பவருக்குத் தனிக் காசு. முதல் நாள் நாங்களும் அதைத்தான் செய்தோம். நான் எத்தனை தடவை விழுந்தேன் என்று எண்ணுவதை இருபதோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் நாள், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உள்ளூர்க்காரர் எங்கள் பர்ஸைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "உங்களுக்கு நடக்கத் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டு, வேறு ஒரு வகைப் பட்டையைக் கொண்டு வந்தார். மெல்லிசு, நீளம், எடையே இல்லை. க்ராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் என்பது இதுதான்.

சரிவில் சறுக்கும் ஸ்கீயில் பாதம் முழுவதையும் பட்டையோடு இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். இதில் விரல் பக்கம் மட்டும்தான் பூட்டு. குதிகாலைத் தூக்கலாம், சாதாரணமாக நடப்பது மாதிரியே. பட்டையின் நடுப்பகுதி வில் மாதிரி லேசாக மேலே எழும்பியிருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் அந்த இடம் பனியை அழுத்தாது, பட்டை வழுக்கிக்கொண்டு போகும். ஒரே காலில் முழு எடையையும் போட்டு மிதித்தால் வளைவு அமுங்கி, நடுவில் தடவியிருக்கும் மெழுகு பனியைக் கவ்விக்கொள்ளும். அந்த நொடியில் உந்தி, அடுத்த காலில் வழுக்க வேண்டும். கையில் ஊன்றிக்கொள்ள இரண்டு கோல். ஏற்றம், சமதளம், இறக்கம் எல்லாமே சொந்தக் காலில்தான். வண்டியும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

கேட்க சுலபமாக இருக்கிறதா? ஔலி 2,500 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம். நான் பிறந்ததிலிருந்து சுவாசித்தது கடல்மட்டத்துக் காற்று. நூறு அடி போவதற்குள் நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி ஆகிவிட்டது. நண்பனோ பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். "இது ஃபைபர் போட்ல நிக்கிற மாதிரிதான்டா. முட்டிய மடக்கி வெச்சுக்கோ. கால் ஆடுனா ஆடட்டும், இடுப்பு ஆடக் கூடாது" என்று எனக்கே வாத்தியார் ஆகிவிட்டான். நீ முன்னாடியே செய்திருக்கிறாயா என்று அந்த உள்ளூர்க்காரர் அவனைக் கேட்டார். "சமுந்தர், சமுந்தர்" என்றான் இவன். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார்.

தேவதாரு மரங்களுக்கு நடுவே போனோம். மரம் விலகின இடத்தில் நந்தா தேவி தெரிந்தது, 7,816 மீட்டர். பட்டை பனியில் உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மரத்தடியில் நின்று, கொண்டு போன ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது நண்பன் கேட்டான்: "மச்சி, நம்ம ஊர்ல நம்ம எப்பனா இவ்ளோ தூரம் சும்மா நடந்துகீறோமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை.

உறுத்துகிறது என்று சொன்னேனே, இந்தக் கேள்விதான்.

வடசென்னை என்றால் என்ன விளையாட்டு? கேரம், பாக்ஸிங், சந்து கிரிக்கெட். ஏன் இவை மட்டும்? எங்கள் ரத்தத்தில் ஊறியது, வீரம், மானம் என்றெல்லாம் சினிமாவில் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று தோன்றுகிறது. கேரம் பலகையில் ஆடுகிற பரப்பு 29 அங்குலச் சதுரம். குத்துச்சண்டை மேடை பெரிதாகப் போனால் 20 அடிச் சதுரம். இடம் இல்லாத ஊரில் இடம் கேட்காத விளையாட்டுதான் வளரும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் எங்கள் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தபோது நானும்தான் குதித்தேன். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் 29 அங்குலத்தில் இவ்வளவு சாதிக்கிற பிள்ளைகளுக்கு 29 கிலோமீட்டர் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டாமா?

"ஸ்கீ எல்லாம் பணக்காரன் விளையாட்டு தம்பி, நமக்கு எதுக்கு?" என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஸ்கீ பிறந்தது விளையாட்டாக இல்லை. 5,000 வருடங்களுக்கு முந்தைய ஸ்கீ துண்டுகள் ஸ்வீடனில் கிடைத்திருக்கின்றன. அது வேட்டைக்குப் போனவனின் கால், விறகுக்குப் போனவனின் கால். நமக்குக் கட்டுமரம் எப்படியோ அப்படி. விளையாட்டாக ஆன பிறகும் நடைதான் முதலில் வந்தது. 1924ல் பிரான்சில் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸில் 18 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் க்ராஸ் கன்ட்ரி இருந்தன. சரிவில் சறுக்கும் போட்டி 1936ல்தான் ஒலிம்பிக்ஸுக்குள் வந்தது. மேலே ஏற்றிவிடக் கயிறும் மோட்டாரும் வந்த பிறகுதான் பணம் அதிகமாகப் பேச ஆரம்பித்தது.

நம் நாட்டில் அந்தச் சறுக்கல்தான் பெரிதாக வளர்ந்தது. குல்மர்க் கொண்டோலாவின் முதல் கட்டம் 1998ல் வந்தது, இரண்டாம் கட்டம் 2005ல். நடைக்கு ஆளில்லை. 2006 டுரினில் பகதூர் குப்தா, 2010 வான்கூவரில் தாஷி லுண்டுப், 2014 சோச்சியில் நதீம் இக்பால், 2018 பியோங்சாங்கில் ஜெகதீஷ் சிங். ஒவ்வொரு ஒலிம்பிக்ஸுக்கும் க்ராஸ் கன்ட்ரிக்கு ஒருவர். ஜெகதீஷ் சிங் 15 கிலோமீட்டரில் 103வது இடம். அவரும் நதீம் இக்பாலும் ராணுவத்துக்காரர்கள். பனியில் நடப்பது அவர்களுக்கு வேலையில் ஒரு பகுதி, அதனால் வந்தார்கள். மற்றவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

வர முடியாது என்றும் இல்லை. குடகைச் சேர்ந்த பவானி 2025ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கிலோமீட்டர் க்ராஸ் கன்ட்ரியில் வெண்கலம் வாங்கினார். குடகில் காபி காய்க்கும், பனி பெய்யாது. இந்த வீரர்கள் பனியில்லாத மாதங்களில் சக்கரம் வைத்த ஸ்கீயில் தார் ரோட்டில் பழகுவார்கள். இதை நண்பனிடம் சொன்னேன். "எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல பழகுனா கன்டெய்னர் லாரியே தள்ளிக்கினு போய் மெடல் குடுத்துடும்" என்றான்.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 1956லேயே நார்வேக்குப் போய் மீன்பிடித் தொழில் கற்றவர் அன்ரனி இராஜேந்திரம். பிறகு 1980களில் யுத்தம் துரத்த, நிறையத் தமிழர்கள் அங்கே போனார்கள். வடகோடியில் ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள். மீன் வெட்டுகிற கை, எங்கள் ஊர்க் கை மாதிரியேதான். ஆனால் நார்வேப் பள்ளிக்கூடங்களில் ஸ்கீ நாள் என்று ஒன்று உண்டு. அந்தத் தமிழர்களின் பிள்ளைகள் வகுப்போடு வரிசையாகப் பனியில் போனார்கள். அதே தமிழ் ரத்தம்தானே? மாறியது காலுக்குக் கீழே கிடைத்த இடம்.

அந்த இடத்துக்கு அங்கே ஒரு சட்டமும் இருக்கிறது. 1957ல் போட்டது. பயிர் செய்யாத காடு, மலை, மேய்ச்சல் வெளி யாருடையதாக இருந்தாலும், சேதம் செய்யாமல் யாரும் வருடம் முழுக்க நடக்கலாம், ஸ்கீயில் போகலாம். டிக்கெட் கிடையாது. பயிர் நிலத்தில்கூட மண் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது போகலாம், ஆனால் ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை கூடாது. அது விவசாயியின் காலம். வீட்டு முற்றத்தில் எப்போதும் கூடாது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது அந்தத் தேதிகள்தான். உழைக்கிறவனுக்கு ஒரு நேரம், நடக்கிறவனுக்கு ஒரு நேரம், இரண்டு பேரும் ஒரே மண்ணில்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நமக்குப் பனி இல்லை, கடற்கரை இருக்கிறது என்று சொல்லலாம் என்று பார்த்தால், அதுவும் இல்லை.

ஏன் இல்லை? 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கரையோரம் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே தங்கித் தங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரித்தது, அங்கேயும் கல். இப்போது தூண்டில் வளைவும் கல் சுவருமாகத் திருவொற்றியூர் வரைக்கும் போய்விட்டது. எங்கள் பாடத்தில் இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று உண்டு. ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று வைத்தே ஆக வேண்டும். மெரினாவுக்கு வரவு எழுதிய அந்தச் சுவர், பற்று எழுதிய கணக்கு எங்களுடையது. மெரினாவில் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்குகிறவர்கள் இதை ஒரு தடவையாவது நினைத்தால் போதும்.

எண்ணூரில் இன்னும் மோசம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. அதை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய், இந்தத் தடவை கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில். கால் வைக்க இடம் இருந்தாலும் வைக்க மனசு வராது.

மலைக்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். ஜோஷிமட் பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பார்த்துக் கட்டுங்கள் என்று 1976லேயே மிஸ்ரா கமிட்டி எழுதிக் கொடுத்தது. யார் கேட்டார்கள்? 2023ல் ஔலியில் நடக்க வேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டு, பனி இல்லை என்று ரத்தானது. 2025 பிப்ரவரியில் குல்மர்க்கிலும் அதே காரணத்தால் கேலோ இந்தியா போட்டியைத் தள்ளி வைத்தார்கள். அங்கே பனி போகிறது, இங்கே மணல் போகிறது.

நான் என்ன கேட்கிறேன்? ஸ்டேடியம் கேட்கவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கல் சுவரை ஒட்டி, கன்டெய்னர் லாரிக்குப் பயப்படாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து நடக்க, ஓட, சைக்கிள் விட ஒரு பாதை. மணல் மிச்சமிருக்கிற இடங்களில் மேற்கொண்டு எதுவும் கட்டாமல் இருப்பது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வாரத்தில் ஒரு பி.டி. பீரியட் கடலோரத்தில். இது சலுகை இல்லை. 1996ல் உச்ச நீதிமன்றம், மணாலிப் பக்கம் பியாஸ் ஆற்றை ஒட்டிய ஒரு ஓட்டல் வழக்கில், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு எல்லாம் மக்களுக்காக அரசு பாதுகாத்து வைத்திருக்கிற சொத்து என்று சொல்லியிருக்கிறது. மலையில் நடந்த வழக்கில் கடற்கரைக்கும் சேர்த்துத் தீர்ப்பு!

திரும்பி வரும் ரயிலில் இதையெல்லாம் நண்பனிடம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான், பிறகு சொன்னான்: "நல்லாதான் சொல்ற. ஆனா வாக்கிங் போறதுக்கு ரோடு போடறேன்னு வர்றவன், மொதல்ல வலைய எடு, போட்ட எடுன்னுதான் சொல்லுவான். நடக்கறவனுக்கு மீன் நாத்தம் ஆகாது."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மீன் கடைகளை அகற்றியது எனக்கும் ஞாபகம் இருந்தது. அழகுபடுத்துவது என்ற பெயரில் குப்பத்துக்காரர்களைத் தள்ளிவிட்டுப் போடுகிற பாதை எனக்கும் வேண்டாம். நான் நடப்பதற்காக அவன் அப்பா கரையை இழக்கக் கூடாது.

ஆனால் அதற்காக ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. விட்டுவிட்டால் அந்த இடம் மீனவனுக்கும் இருக்காது, பிள்ளைகளுக்கும் இருக்காது, அடுத்த கிடங்குக்குத்தான் போகும். அதனால்தான் அந்த நார்வே தேதிகள் மறுபடி மறுபடி ஞாபகத்துக்கு வருகின்றன. வலை காய்கிற நேரமும் இடமும் முதலில் வலைக்கு. அதைக் குப்பத்துக்காரர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். ஆபீஸில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறவர்கள் கடைசியில் வந்தால் போதும். ரயில் விஜயவாடா தாண்டும்போது இதைச் சொன்னேன். "அப்டின்னா சரி" என்றான். அவன் அவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொல்கிற ஆள் இல்லை.

ஊருக்கு வந்த மறுநாள் எண்ணூரில் அவன் வீட்டில் சாப்பாடு. நெத்திலி வறுவலும் ரசமும். சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து, பனியில் எடுத்த படங்களை அவன் அப்பாவுக்குக் காட்டினோம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவ்ளோ தூரம் நடந்துக்கினே போனீங்களே, எங்க போற, ஏன் போறன்னு யாரும் கேக்கலியா?"

"கேக்கலப்பா" என்றான் நண்பன்.

"நாங்க பசங்களா இருக்கச்சொல்ல இங்கயும் யாரும் கேக்க மாட்டாங்க. மணலு அதோ அங்க வரைக்கும் இருந்துது" என்று கையை நீட்டிக் காட்டினார்.

அவர் காட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கப்பல் நின்றிருந்தது.